மிளகு உணங்கும் வரை

விற்பவர் அவசரப்பட்டால் மூட்டைக்கு அடியில் பூசணம் பூத்திருக்கிறது என்று அர்த்தம். அருமனையில் மலைச்சரக்கு வியாபாரம் பார்க்கும் செல்வதாஸ் இந்த ஒரே நம்பிக்கையில் மாடி வீடு கட்டியவர்.

அவருக்கு இன்னொரு ரகசிய முதலும் உண்டு. மலையில் வாழும் காணிக்காரர்களின் பாஷை அவருக்குப் புரியும். மிளகு கொண்டுவருகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கடைசி விலையை ஒட்டுக்கேட்டே கற்றுக்கொண்டது. ஒருநாளும் அதில் வாய்திறந்து பேசியதில்லை. மலைக்குக் கீழே அந்தப் பாஷையைக் கற்க யாரும் மெனக்கெடாததால், யாரும் அவரைச் சந்தேகப்படவும் இல்லை.

இன்று பேச்சிப்பாறைக்கு மேலே, காணிக் குடியிருப்பில், செல்லபாய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவள் மகள் ஜின்சியைத்தான் கட்டுவேன் என்று மகன் பிரதீஷ் ஒற்றைக்காலில் நிற்கிறான். தட்டிக்கழிக்க ஒரு குறை கிடைக்காதா என்றுதான் செல்வதாஸ் மலையேறினார்.

"கிறிஸ்மஸுக்கு முன்னால வச்சிருவோம் மொதலாளி," என்றாள் செல்லபாய்.

"எதுக்கு இந்த அவசரமும் வெப்ராளமும்? ஈஸ்டர் கழிஞ்சு வச்சா பொண்ணு என்ன முளைச்சா போவா?"

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரதீஷ் தரையைப் பார்த்தான். செல்வதாஸ் இருமி முடித்துக் காதைத் தீட்டிக்கொண்டார். மூட்டையின் அடி இப்போது தெரிந்துவிடும்.

செல்லபாய் தன் பாஷையில் மகளிடம் மெல்லக் கேட்டாள். "எவ்வளவு நாள் இருப்பாராம்?"

"மிளகு பறித்து வெயிலில் உணங்கும் வரை. நெஞ்சு முழுக்கப் பரவிவிட்டதாம். வாய்வு என்று மகன் சொல்லிவைத்திருக்கிறார். பாவம், நம்பிக்கொண்டிருக்கிறார்."

யாரைச் சொல்கிறார்கள் என்று செல்வதாஸ் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தார். போன மாதம் நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தார்கள். பிரதீஷ் மட்டும் டாக்டர் அறைக்குள் போனான். "வெறும் வாய்வுப்பா, பூண்டு தின்னுங்க" என்றான். அன்றிலிருந்து பூண்டு தின்றுகொண்டிருக்கிறார்.

வாசல் பலாமரத்தில் ஏறிய கொடியில் மிளகு முற்றியிருந்தது. ஒன்றிரண்டு சிவந்தும்விட்டது.

ஜின்சி தேன்தண்ணீர் நீட்டினாள். எதையாவது சொல்லியாக வேண்டும். தமிழ் வரவில்லை. அந்தப் பாஷையிலோ அவருக்குச் சந்தைப் பேச்சு மட்டுமே தெரியும். முதல்முறையாக அதில் வாய்திறந்தார்.

"அளவு குறைச்சல். கொஞ்சம் கூட்டிப் போடு."

ஜின்சியின் கையில் தம்ளர் அப்படியே நின்றது. செல்லபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் விளங்காத பிரதீஷ் மட்டும் கேட்டான்.

"அப்பா, இப்ப என்ன சொன்னிய?"

"வெல பேசிப் பாத்தேம்லே. படியல." செல்வதாஸ் தம்ளரை வாங்கிக்கொண்டார். "கிறிஸ்மஸுக்கு முன்னாலயே வச்சிருவோம்."