ஒப்புக்கொடுத்த செபம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத்துக்குத் தேறிவிட்டு, பத்திநாதன் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தான். சாயங்காலம் மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் நின்றார்கள். செபமாலையைத் தொடங்குவது எப்போதும் அவன் அம்மா மதலேனம்மாதான். அன்று மணியைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். பரலோக மந்திரம் வரவில்லை. தங்கை ஐவி தொடங்கிக் கொடுத்தாள்.

மறதி என்று சொல்ல முடியவில்லை. மலைக்குப் போனாள், கொழுந்து எடுத்தாள், போன வருடத்துச் சண்டைகளைக்கூட வரி மாறாமல் சொன்னாள். செபங்கள் மட்டும் போயிருந்தன.

அடுப்படியில் ஐவி அவனிடம் விவரம் சொன்னாள். அவன் சோதனை எழுதிய நாட்களில் அம்மா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கே போகவில்லை. தன் செபம் முழுவதையும் மகனுக்கு ஒப்புக்கொடுப்பதாகச் சொல்லி முழங்காலில் நின்றாள். பிறகு வாயிலிருந்து இங்கிலீசு வந்தது. அம்மா கைநாட்டு.

"ரென்ட்டு, ரென்ட்டுன்னே சொன்னாங்கண்ணே. நமக்கு ஏது வாடக வீடுன்னு பாத்தேன்."

அது பத்திநாதனின் சோதனையில் வந்த கேள்வி: ரென்ட், நில வாரம். அந்தப் பாடத்தை அவன் படித்ததே இல்லை. அன்று கை தானாக எழுதியது, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பூசைக்குப் போவதை எப்போதோ விட்டிருந்தான்.

இனித் தனக்காகச் செபிக்க வேண்டாம் என்றான். அம்மா சிரித்தாள்.

"எனக்கு எதுக்குடா செபம்? நான் என்ன சோதனையா எழுதப்போறேன்?"

விடாமல் கெஞ்சியதும், அவனாகக் கூப்பிடாமல் முழங்கால் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். அவளிடம் மிஞ்சியிருந்தது சேசு என்ற பெயர் ஒன்றுதான்.

அந்த வருடம் அவன் வெறிபிடித்தவன்போலப் படித்தான். மண்டபத்தில் கேள்வித்தாளைத் திருப்பியபோது ஒன்றுமே நினைவில் இல்லை. சுற்றிலும் பேனாக்கள் ஓடின. அந்தத் தோட்டத்திலிருந்து அங்கே வந்தவன் அவன் ஒருவன். வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம் என்று நினைத்தான். போகவில்லை. உதடு அசையாமல் கூப்பிட்டான்: அம்மா.

கை எழுதத் தொடங்கியது.

வீடு திரும்பிய முதல் ஞாயிறு அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போனான். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு மேலே இருந்த சிலுவையைப் பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை, இரக்கம்தான்.

"யாருடா அந்தப் புள்ள?" என்றாள். "எறக்கிவிடச் சொல்லேன். எவ்வளவு நேரமாத் தொங்குது."