பிரேக் ஆயில் ஊற்றிய தேதிகள்

ஃபாத்திஹா ஓதி, கைகளை முகத்தில் தடவிக்கொண்ட பிறகுதான் வேனின் பராமரிப்பு நோட்டைத் திறந்தேன். என்னைப் போல ஓர் அவசரக்குடுக்கை இந்த அஸிலால் ஊரில் வேறு எவனும் இருக்கமாட்டான்.

விலை பேசி ஃபாத்திஹா ஓதிவிட்டால் எங்கள் மலையில் வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் பின்வாங்குகிறவனுக்குச் சந்தையில் சலாம்கூடக் கிடைக்காது. அதற்கு முன்னால் நோட்டைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? விற்கிறவர் என் தங்கை இத்தோவின் புருஷன். சொந்த மாப்பிள்ளையிடம் வண்டிக்கு என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்று முதலிலேயே கேட்டால், திருடன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

அவர் பெயர் ஷர்கி. கீழே பெனி மெல்லாலில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றி இறக்குகிற தொழில். ஞாயிற்றுக்கிழமை, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அதே வேனில் மலையேறி வந்திருந்தார். என் பழைய வேனின் எஞ்சின் செத்துப் போனதிலிருந்து மேல் கிராமத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வழியில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். அவர்களுடைய அப்பன்மார் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று வந்து என் உயிரை எடுத்தார்கள். அந்த அவசரத்தில்தான் ஓதினேன்.

“பாருங்க மச்சான், நல்லாப் பாருங்க! இந்த மாதிரி நோட்டு வச்சிருக்கிறவன் இந்த ஊர்லயே கிடையாது” என்று ஷர்கி தேநீரை உயரத்திலிருந்து ஊற்றினார்.

பொய் சொல்லவில்லை. எஞ்சின் ஆயில், ஃபில்டர், டயர், எல்லாம் தேதி போட்டு, ரசீது ஒட்டி, மணி மணியான கையெழுத்து. பக்கத்து வீட்டு ஹத்து எட்டிப் பார்த்து, “மாஷா அல்லாஹ், பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறப்பகூட இவ்வளவு விவரம் கிடைக்காதுப்பா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சிரித்தேன்.

பிரேக் ஆயில் ஊற்றினது என்று ஒரு வரி இருந்தது. அடுத்த பக்கத்தில் இன்னொன்று. ஆரம்பத்தில் சில மாதங்களுக்கு ஒரு தடவை. பிறகு மாதாமாதம். கடைசிப் பக்கத்தில் வாரத்துக்கு ஒன்று. ஊற்றினது, ஊற்றினது, ஊற்றினது. ஏன் குறைகிறது என்று பார்த்ததாக ஓரிடத்திலும் இல்லை. எஞ்சின் ஆயில் எரிந்து போகலாம். பிரேக் ஆயில் எங்கே போகும்? ஒழுகித்தான் போக வேண்டும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்புத் தேடுகிற சாக்கில் எழுந்து வாசலுக்குப் போனேன். வேனுக்கு அடியில் கையை விட்டேன். பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரப் பிசுபிசுப்பு. உள்ளே வந்தேன், உட்கார்ந்தேன், திரும்ப எழுந்தேன். இத்தோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளை, பிரேக்கு ஒழுகுது.”

“கழுவின தண்ணி மச்சான்.”

“தண்ணி பிசுபிசுக்குமா? வாரா வாரம் ஊத்திருக்கீங்க, உங்க நோட்டுதான் சொல்லுது. இதுல எப்படி நான் ஊரான் பிள்ளைங்களை ஏத்துறது?”

“மறைச்சேனா? ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கேன்ல! ஃபாத்திஹா ஓதிட்டு இப்ப நொட்டை சொல்றீங்களே, நாலு பேர் முன்னாடி!”

“எழுதினா ஆச்சா? சரி பண்ண வேண்டாமா?” என்று கத்திவிட்டேன். என் வாய் எப்போதும் அப்படித்தான். “எனக்கு இந்த வண்டி வேண்டாம்யா!”

ஹத்து தம்ளரைக் கீழே வைத்தான். ஷர்கியின் முகம் கறுத்துவிட்டது. நோட்டை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“இத்தோ, எந்திரி. பிள்ளைங்களை வண்டியில ஏத்து. இந்த வீட்டுல இனி எனக்குத் தண்ணிகூட வேண்டாம்.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, மெக்கானிக் இல்ல. நாளைக்குச் சரி பண்ணிட்டுப் போங்க மாப்பிள்ளை.”

“ஏறுன்னு சொன்னேன்டி!”

ஏறி வரும்போது பிரேக்குக்கு என்ன வேலை? இறங்கும்போதுதானே கேள்வி. பெனி மெல்லால் போகிற வழியில் அணைக்கட்டைத் தாண்டியதும் சமவெளி வரை வளைவுமேல் வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. பெரியவன் ஜன்னலோரம் வேண்டுமென்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். சின்னவளை இத்தோ தூக்கி உட்காரவைத்து, தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

ஓடிப்போய் வேனின் முன்னால் நின்றேன்.

“தள்ளுய்யா!”

“சாவியைக் குடுங்க. அது என் வண்டி.”

“இப்பத்தான வேண்டாம்னே?”

“ஓதினது ஓதினதுதான். வாயால சொன்னா முறிஞ்சிருமா? ஹத்து, நீயும்தானே கையேந்தினே, சொல்லுடா!”

நல்லவேளை, ஹத்து புரிந்துகொண்டான். “ஆமா, வண்டி இவனுதுதான்” என்றான்.

ஷர்கி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னை முறைத்தார். “அப்ப நோட்டுல குத்தமில்லேன்னு சொல்லுங்க. எல்லார் காதுலயும் விழணும்.”

பல்லைக் கடித்துக்கொண்டேன். “குத்தமில்ல.”

“வண்டியில?”

சின்னவள் உள்ளேயிருந்து எனக்குக் கையாட்டினாள்.

“வண்டியிலயும் இல்ல, மாப்பிள்ளை. நான்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்.”

சாவி கைக்கு வந்தது. அன்றைக்கே பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடக்க, பெனி மெல்லால் போகிற டாக்ஸி நிற்கிற இடம் வரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். இத்தோ வேண்டுமென்றே பின்தங்கி என் பக்கத்தில் வந்தாள்.

“அண்ணே, வரும்போதே அணைக்கட்டுக்கிட்ட ஒரு சின்ன இறக்கம் வருமே, அங்க ரெண்டு மூணு தடவை மிதிச்சப்புறம்தான் நின்னுச்சு.”

“தெரிஞ்சுமாடி பிள்ளைங்களோட ஏறினே?”

“ஏறுன்னாரே” என்றாள்.

முன்னால் போன ஷர்கி டாக்ஸிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். அவள் சின்னவளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.