மாடு ஒரு ஜோடி, படகு ஒன்று

விளக்குத்தூண் பக்கம் நூல் கடை வைத்திருந்த ஹரிராமிடம் சொந்தமாக ஒரு படகு இருந்தது. மதுரையில் எதற்குப் படகு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினீயர் ஒருவரின் சாமான்களை ஏலம் விட்டபோது பீரோ வாங்கப் போனாராம். ஈ ஓட்டக் கையைத் தூக்கினாராம். படகு அவர் பேரில் விழுந்துவிட்டதாம்.

வாங்கிய பொருளைச் சும்மா கிடக்க விடுவது அவர் வழக்கமில்லை. படகிலிருந்த மோட்டாரைக் கழற்றிச் சோழவந்தான் தோப்பில் தென்னைக்குத் தண்ணீர் இறைக்க வைத்தார். மிச்சத்தை வாடகைக்கு விட்டார்.

அந்த மிச்சத்தைப் பேசி முடிக்கத்தான் 1936ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஒரு சாயங்காலம் சரித்திர வாத்தியார் விஸ்வேஸ்வரன் அவர் கடைப்படி ஏறினார்.

“உள்ள ரெண்டு பெஞ்சு இருக்கு, படுத்துக்கலாம். ஜன்னலுக்குத் திரை இருக்கு. மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்கு,” என்று ஹரிராம் விரல் விட்டு எண்ணினார். “மீன் மட்டும் சமைக்கப்படாது, வாத்தியாரே.”

“என்னைப் பார்த்தா மீன் சமைக்கிறவன் மாதிரியா இருக்கு?”

“எல்லார்ட்டயும் சொல்றதைத்தான் சொல்றேன். அப்புறம், பாய் கட்டப்படாது. போன வருசம் ஒரு வக்கீல் பெட்ஷீட்டைக் கம்புல கட்டினாரு. காத்து அடிச்சது பாருங்க, வக்கீல் கரையில, பெட்ஷீட்டு தென்னமரத்துல.”

வாடகை பேசி முடிந்தது. ஹரிராம் நூல் சுற்றி வந்த காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். படகு ஒன்று. ஓட்ட ஆள் ஒருவர். மாடு ஒரு ஜோடி, ஆளுடன். கிறிஸ்மஸ் லீவில் இரண்டு நாள். சோழவந்தானிலிருந்து சிம்மக்கல் வரை.

“மாடு எதுக்கு?”

“அது படகோட சேர்ந்தது. தனியா விடுறதில்லை,” என்று சொல்லிவிட்டு ஹரிராம் அடுத்த வாடிக்கைக்காரரிடம் திரும்பினார்.

படகைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற மாடு என்று விஸ்வேஸ்வரன் தாமாகவே எடுத்துக்கொண்டார். துண்டுக் காகிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். அன்று வைகை இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அதை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சிம்மக்கல்லில் இருந்த தம் வீட்டுக்குப் போனார்.

அவருக்குப் படகு வேண்டியிருந்ததற்குக் காரணம் அவர் மனைவி ஸ்யாமளா. அவள் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் வைகைக் கல்பாலத்தைத் தாண்டும்போதெல்லாம், “இது ஆறா, இல்லே ஆறு போன தடமா?” என்று ஒரு கேள்வி கேட்காமல் இருக்கமாட்டாள். அதுவாவது விளையாட்டு. ஐப்பசியில் அவள் அண்ணா அனந்தநாராயணன் எழுதிய கடிதம் விளையாட்டு அல்ல. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் வேலை காலியாகிறது, அப்பா ஹெட்மாஸ்டரிடம் சொல்லி வைத்துவிட்டார், கிறிஸ்மஸ் லீவில் நான் வருகிறேன், பதிலை நேரில் சொல்லலாம் என்று அதில் இருந்தது.

விஸ்வேஸ்வரனுக்கு மதுரையை விட மனமில்லை. அவருடைய பள்ளிக்கூடத்துப் பையன்கள் இங்கே இருந்தார்கள், சண்டை போடுவதற்கென்று வைத்திருந்த இரண்டு சிநேகிதர்கள் இங்கே இருந்தார்கள். கும்பகோணம் போனால் மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்துகொண்டு, பென்ஷன் வாங்கும் வரைக்கும் மாப்பிள்ளையாகவே இருக்க வேண்டும். ஆனால் ஸ்யாமளா என்ன நினைக்கிறாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. போகலாம் என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் மறுக்க முடியாது.

அனந்தநாராயணன் வந்து இறங்கிய அன்றே பேச்சு ஆற்றில் போய் நின்றது.

“மாப்பிள்ளை, நான் ஸ்டேஷன்லேந்து நடந்தே ஒரு சுத்து சுத்தி வந்தேன். ஆத்தை எங்கேயும் காணலையே. வெளியூர் போயிருக்கா?” என்றார், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

“நாளைக்கு அதே ஆத்துல உங்களைப் படகுல அழைச்சுண்டு போறேன். அப்புறம் பேசுங்கோ,” என்றார் விஸ்வேஸ்வரன்.

“படகுலயா! தெப்பக்குளத்தைச் சொல்றேளா?”

காபி கொண்டுவந்த ஸ்யாமளா டம்ளரைக் கீழே வைத்தாள். “ரெண்டு பேரும் இப்படியே பேசிண்டிருந்தா முடியாது. நான் ஒண்ணு சொல்றேன். சோழவந்தான்லேந்து சிம்மக்கல் வரைக்கும் என்னைப் படகுலயே கொண்டுவந்து சேத்துடுங்கோ. அப்புறம் நான் கும்பகோணம்னு வாயைத் திறக்கலை.”

“சேர்க்கலேன்னா?” என்றார் அண்ணா.

“திங்கட்கிழமையே சரின்னு கடுதாசி போட்டுடலாம்.”

“அப்படிச் சொல்லு! அவர் ஜெயிச்சுட்டா நானே அப்பாவுக்கு எழுதிடறேன்,” என்று அனந்தநாராயணன் தொடையைத் தட்டினார். தாம் கடிதம் எழுத வேண்டிவரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை என்பது அந்தத் தட்டிலேயே தெரிந்தது.

விஸ்வேஸ்வரனுக்கும் ஜெயிப்போம் என்ற நம்பிக்கை அவ்வளவாக இல்லை. நவம்பரில் எட்டு முழ வேஷ்டியாக விரிந்து கிடந்த ஆறு, டிசம்பர் கடைசியில் துண்டாகி, சில இடங்களில் வெறும் பூணூலாகியிருந்தது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை ரயிலில் சோழவந்தானில் இறங்கி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே நடந்து, மூவரும் ஹரிராமின் தோப்புக்குப் போனார்கள். தோப்புக்குக் கீழே ஆற்றில் ஒரு மடு. அதில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. அதன் மேல் வெள்ளைச் சாயம் பூசிய படகு, சின்ன மரக் கூடும் பச்சைத் திரையுமாக அசைந்துகொண்டிருந்தது. அனந்தநாராயணனே கரையோரம் இறங்கி எட்டிப் பார்த்தார்.

படகோட்டி சிவனாண்டி நீளமான மூங்கில் கழியோடு நின்றான். விஸ்வேஸ்வரன் அவனைத் தனியே அழைத்துப் போனார்.

“தண்ணி சிம்மக்கல் வரைக்கும் இப்படியே இருக்குமா?”

“இம்புட்டுத் தண்ணி இங்கனதேன், வாத்தியாரய்யா. கீழ போகப் போக அங்கங்க தரை தட்டும். அதுக்குத்தான மாடு. இழுத்து விட்டம்னா அடுத்த தண்ணிக்குப் போயிரும்.”

அப்போதுதான் அந்தத் துண்டுக் காகிதத்தின் அர்த்தம் விஸ்வேஸ்வரனுக்கு முழுசாக விளங்கியது. தென்னை மரத்தில் கட்டியிருந்த இரண்டு வெள்ளை மாடுகளும், மாட்டுக்காரன் கண்ணுச்சாமியும் அவரைச் சாவகாசமாகப் பார்த்தார்கள்.

“கண்ணுச்சாமி, ஒரு உதவி. மாட்டைக் கரை மேல ஓட்டிண்டு வா. மரத்துக்குப் பின்னாலயே வா. படகுல இருக்கறவா கண்ணுல படப்படாது.”

“வாரேன் சாமி.”

“மணியைக் கழட்டிடு.”

“மணியைக் கழட்டுனா நடக்காதுங்க. ரெண்டும் அங்கனயே நின்டுரும்.”

படகு கிளம்பியது. முதல் ஒரு மைல் சொர்க்கமாக இருந்தது. நாரைகள் எழுந்து பறந்தன. நாணல் ஜன்னலை உரசிக்கொண்டு போனது. ஸ்யாமளா திரையை விலக்கிவிட்டுத் தண்ணீரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு வந்தாள். அனந்தநாராயணன் முன்பக்கம் குடை பிடித்து உட்கார்ந்து குற்றம் தேடினார். ஒன்றும் அகப்படாமல் காதைத் தீட்டினார்.

“மாப்பிள்ளை, ஏதோ மணிச் சத்தம் கேக்கறதே?”

“கரையில கோயில் இருக்கு.”

கொஞ்ச தூரம் போனார்கள்.

“கோயில் நம்ம கூடவே வரதே?”

“இந்தப் பக்கம் கோயில் ஜாஸ்தி,” என்றார் விஸ்வேஸ்வரன், தண்ணீரைப் பார்த்தபடி. உள்ளே ஸ்யாமளாவுக்கு இருமல் வந்தது. நீளமான இருமல்.

திருவேடகத்துக்குப் பக்கத்தில் படகு ஒரு முனகலோடு நின்றது. சிவனாண்டி கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தான். பிறகு யாரும் தடுப்பதற்குள் இரண்டு கையையும் வாயில் குவித்து, “ஏ மாப்ள! கண்ணுச்சாமி! மாட்டைப் பத்திட்டு வாடா!” என்று கத்தினான்.

மரங்களுக்குப் பின்னாலிருந்து அந்தக் கோயில் இறங்கி வந்தது. நுகத்தடியில் வடம் தயாராகக் கட்டியிருந்தது.

அனந்தநாராயணன் சிரிக்க ஆரம்பித்தார். குடை கையை விட்டு விழுந்தது. “இந்த ஊர்லதானே மாப்பிள்ளை, ஏடு எதிர்வெள்ளத்துல போச்சுன்னு சொல்லுவா? நம்ம படகு ஆத்தோட போறதுக்கே மாடு வேண்டியிருக்கே!”

விஸ்வேஸ்வரன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் குதித்தார். பந்தயம் போனது போனதுதான் என்று அவருக்குத் தோன்றியது. மதுரையே கால்விரல் இடுக்கில் மணலாகச் சரிகிற மாதிரி இருந்தது. படகுக் கூட்டுக்குள் தலையை நீட்டினார்.

“ஸ்யாமளா, நீயும் இறங்கிக்கோ. பாரம் குறையும்.”

“நான் மாட்டேன்.”

“ரெண்டு பர்லாங் நடந்தா போறும். அந்தப் பக்கம் தண்ணி வந்ததும் ஏறிக்கலாம்.”

“படகு நின்னா இறங்கறேன். நகர்றப்போ இறங்கமாட்டேன்,” என்று அவள் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

என்மேல் இருக்கிற கோபத்தை மாட்டின்மேல் காட்டுகிறாள் என்று விஸ்வேஸ்வரன் நினைத்துக்கொண்டார்.

படகு மணலில் புறப்பட்டது. அடி தட்டையான படகு என்பதால் ஈர மணலில் சரசரவென்று வழுக்கிக்கொண்டு போனது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“என்னண்ணே, படகு எங்க போகுது?”

“மருதைக்கு,” என்றான் சிவனாண்டி.

“அதுக்கு ரயிலு இருக்கேண்ணே!”

“ரயில்ல போனா நீ வந்து தள்ளுவியா? பேசாமக் கையக் குடு.”

பத்துப் பேர் தள்ளினார்கள். அனந்தநாராயணன் கொஞ்ச நேரம் நிழலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்கள் தள்ளுகிற விதம் சரியில்லை என்று பட்டது. “வலது பக்கம் தூக்குங்கோ, இடது பக்கம் குத்தறது!” என்று கத்தினார். யாரும் கேட்காததால் பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு தாமே வந்து தோள் கொடுத்தார்.

அன்று மட்டும் ஏழு இடத்தில் தரை தட்டியது. மத்தியானம் மருத மரத்தடியில் படகு நின்றபோது ஸ்யாமளா இறங்கிவந்து புளியோதரையும் தயிர் சாதமும் பரிமாறினாள். மணலில் ஊற்றுத் தோண்டிக் கண்ணுச்சாமி குடிக்கத் தண்ணீர் எடுத்தான். சிவனாண்டி வடத்தைக் கையில் எடுத்ததும் எல்லாருக்கும் முன்னால் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி தேனூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். காலையில் விஸ்வேஸ்வரன் கரைக்கு வரும்போது அவள் ஏற்கெனவே படகில் இருந்தாள்.

இரண்டாம் நாள் தண்ணீர் இன்னும் குறைவு. கோச்சடைக்கு அப்பால் படகு ஏறக்குறைய வண்டியாகவே ஆகிவிட்டது. ஆனால் அனந்தநாராயணனுக்கு இப்போது மாடுகளின் சுபாவம் அத்துப்படி. இடத்து மாடு சோம்பேறி, வலத்து மாடு ரோஷக்காரன் என்று கண்ணுச்சாமிக்கே பாடம் நடத்தினார். தொண்டை கட்டிப்போய், முழங்கால் வரை சேறோடு, “ஹை, ஹை!” என்று முன்னால் நடந்தார். கும்பகோணத்தில் அவர் கோர்ட்டுக் குமாஸ்தாக்களையெல்லாம் அதட்டும் சிரஸ்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சாயங்காலம் சிம்மக்கல்லுக்குக் கீழே ஒரு ஊரே கூடிவிட்டது. கல்பாலத்தில் போன ஜட்காக்கள் நின்றன. வெள்ளைப் படகு மாடு பூட்டி மணலில் வந்து நின்றதும் யாரோ விசில் அடித்தார்கள்.

விஸ்வேஸ்வரன் வடத்தைக் கீழே போட்டார். “சரி, தோத்துட்டேன். நாளைக்கே கடுதாசி போட்டுடலாம்,” என்றார் மச்சினனிடம்.

“அதென்ன தோத்துட்டேங்கறது?” என்று படகுக்குள்ளிருந்து குரல் வந்தது. ஸ்யாமளா திரையை விலக்கினாள். “அண்ணா, நான் என்ன சொன்னேன்?”

“சோழவந்தான்லேந்து சிம்மக்கல் வரைக்கும்...”

“என்னைப் படகுலயே கொண்டுவந்து சேக்கணும்னு சொன்னேன். படகு நகர்றப்போ ஒரு அடி நான் நடந்தேனா?”

அனந்தநாராயணன் யோசித்தார். கோர்ட்டில் இருபது வருஷம் இருந்தவர். “மாடு இழுக்கப்படாதுன்னு யாரும் சொல்லலை,” என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் படகு வருஷா வருஷம் கிடைக்குமா மாப்பிள்ளை? எங்க ஊர்ல படகுல ஏறினா சும்மா உக்காந்துண்டு வரவேண்டியதுதான்,” என்றார். மாடுகளைத் தட்டிக்கொடுக்கப் போனார்.

விஸ்வேஸ்வரன் படகின் ஓரத்துக்கு வந்தார். ஸ்யாமளா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். மாடு ஒரு ஜோடி, ஆளுடன்.

“சலவைக்குப் போடறச்சே உங்க சட்டைப்பையில இருந்தது. மாடு எதுக்குன்னு பால்காரி அழகம்மாளைக் கேட்டேன். அவ சோழவந்தான்காரிதானே.”

“அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் படகுலயேன்னு சொன்னியா? ஏண்டி, உனக்கும் இந்த ஊர்லயே இருக்கணும்னு இருந்தா ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“நீங்க ஒரு வார்த்தை கேட்டேளா?” என்றாள் ஸ்யாமளா. “அங்க போனா நான் மறுபடியும் பொறந்தாத்துக் கடைக்குட்டி. ஆளாளுக்கு வேலை சொல்லுவா. அதை அண்ணாட்ட எப்படிச் சொல்றது?”

சுற்றிலும் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. விஸ்வேஸ்வரன் சிரிப்பதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியாமல் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“ரெண்டு நாளா மடக்கின கால். மரத்தே போச்சு,” என்றாள் அவள். “நின்னுண்டே இருக்கேளே, கையைக் குடுங்கோ.”