கூரையோடு வைத்த வெல்டு

மூச்சு மெஷின் மறுபடியும் கூவியது. பேட்டரி இறங்குகிறது என்று அர்த்தம். வெல்டர் பஸ்ஸின் கூரைமேல் குப்புறப் படுத்து இரும்பறுக்கும் ஆக்சா பிளேடை இழுத்துக்கொண்டிருந்தார். கீழே, சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்ட அந்தப் பழைய பஸ்ஸுக்குள், அவர் மனைவி மூக்கில் குழாயோடு கிடந்தாள். வீடு என்று அவர்களுக்கு இருந்தது அதுதான்.

முன்பு ஜெனரேட்டர் இருந்தது. அதன் புகை ஜன்னல் வழியே வந்து அவளை இருமலில் உலுக்கி எடுத்தது. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சோலார் தகடுகளைக் கூரையில் ஏற்றினார். போல்ட்டு போட்டால் போதும் என்ற சோலார் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். காலமெல்லாம் இரும்பு கேட்டும் ஜன்னல் கிராதியும் பற்றவைத்த கை. கழன்று வரும்படி செய்வதெல்லாம் அவருக்கு அரைவேலை. தகட்டின் சட்டத்தைக் கூரையோடு சுற்றிச் சுற்றிப் பற்றவைத்தார். புயல் வந்தால் பஸ்தான் பறக்கும், தகடு பறக்காது என்று பீற்றிக்கொண்டார்.

கோடை வந்தது. வெட்டவெளியில் நிறுத்தினால் பேட்டரி நிறைந்தது, உள்ளே தகரம் கொதித்து அவளுக்கு மூச்சு முட்டியது. மரத்தடிக்கு ஓட்டிவந்தால் அவள் கண் திறந்தாள், பேட்டரி படுத்துவிட்டது. எஞ்சினுக்கும் அதே பேட்டரிதான். அன்று காலை பஸ்ஸை வெயிலுக்கு நகர்த்தச் சாவியைத் திருகியபோது டக்கென்றதோடு சரி. தகட்டைக் கழற்றி வெயிலில் போட்டு வயரை இழுத்துவிட்டால் கதை முடிந்தது. அதற்குத்தான் வழியில்லாமல் செய்துவைத்திருந்தார். வெல்டை அறுக்கக் கரண்ட் கிரைண்டரைப் போட்டால் மிச்சக் கரண்டையும் அதுவே தின்றுவிடும்.

அவர் பிளேடை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவள் சொன்னாள்: "கல்யாணத்தையும் இப்படித்தான வெல்டு வச்சீங்க. நானும் கழண்டு போகாம கெடக்கறேன்."

"பேசாம படு. மூச்சு வாங்குது பாரு."

"பேசலன்னா நீங்க பயப்படுவீங்களே."

அதனால், அவ்வப்போது டம்ளரால் பக்கத் தகரத்தைத் தட்டுகிறேன் என்றாள்.

பிளேடு சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் அறுப்பதும், நிறுத்திக் காது கொடுப்பதுமாக ஒரு மூலையை விடுவித்தார். டம்ளர் தட்டியது, தெம்போடு அடுத்ததில் பிளேடை வைத்தார். அவர் வைத்த வெல்டு அல்லவா, லேசில் விடுமா. பிளேடு படக்கென்று ஒடிந்தது.

அப்போதுதான் மெஷினின் கூவலோடு இரைச்சலும் நின்றுபோயிருப்பது உறைத்தது. காதைக் கூரையோடு வைத்தார். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. கையை மடக்கி, விரல்முட்டியால் தகரத்தை மெல்லத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். எட்டிக் குதித்தால் போய்விடுகிற தூரத்தில், நிழல் முடிகிற இடத்திலிருந்து, வெயில் வெறுந்தரையில் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது.