மேல்வீட்டு ரத்தம்

எங்கள் குடியிருப்பில் ரத்தம் எல்லோருக்கும் பொது. தரைக்குக் கீழே மோட்டார் இருக்கிறது. அது துடிக்கும்போதெல்லாம் தடித்த குழாயில் ரத்தம் ஏறி ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, தலைமுடியைவிட மெல்லியதாகிச் சுவர்களில் பரவிவிடும். அங்கே ரத்தம் முண்டியடிக்க முடியாது. ஒற்றை வரிசையில்தான் போகவேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்தால் போதும். நமக்கு வேண்டியது கசிந்து உள்ளே வரும். நம்மிடம் இருப்பது கசிந்து வெளியே போகும்.

என் கணவர் சின்னியப்பன் ஆவணி மாதத்தில் இறந்தார். உடம்பை எடுத்துக்கொண்டு போனார்கள். ரத்தத்தை எடுக்க முடியவில்லை. அது குழாய்க்குள் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. எப்போதாவது மேல்மாடியில் இருக்கும் என் வீட்டுக்கும் வரும். அப்போது எனக்குத் திடீரென்று சுருட்டுப் பிடிக்கவேண்டும் போலிருக்கும். நான் சுவரில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் கீழ்வீட்டுச் சாரதாமணியக்கா வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உன்ற ரத்தம் சரியில்ல, அம்மணி."

"என்னாச்சுங்க அக்கா?"

"துக்கம் வருது. எங்கூட்ல யாரும் சாகல. இட்லிய வாயில வெச்சா அழுகாச்சியா வருது."

"நான் என்ன பண்றதுங்க?"

"நிறுத்து. வெள்ளிக்கெழம எம் பொண்ணுக்குக் கல்யாணம்."

நிறுத்திப் பார்த்தேன். பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்த்தேன். பழைய வேடிக்கைகளை நினைத்துப் பார்த்தேன். அவற்றிலெல்லாம் அவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடியில் யாரோ ஓவென்று அழுவது கேட்டது.

மறுநாள் என் வீட்டுக்குப் பால் வரவில்லை. போட வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். படியில் எதிரே வந்தவர்கள் வழிவிடவில்லை. அவர்களுடைய வெறுப்பும் குழாய் வழியாக எனக்கு வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். எனக்கே என்னைக் கண்டால் ஆகவில்லை.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நாச்சிமுத்து, குழாய் வேலை பார்க்கும் மாரப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க வால்வ அடைக்கிறமுங்க" என்றார்.

"அவரு இன்னும் குழாய்ல இருக்காருங்க."

"இருக்கட்டுங்க."

"அவரு ரத்தத்தையாச்சும் பிரிச்சுக் குடுத்துருங்க."

நாச்சிமுத்து மாரப்பனைப் பார்த்தார்.

"கலந்தது கலந்ததுதானுங்க" என்றார் மாரப்பன். "பிரிக்கோணும்னா அன்னப்பறவையத்தான் கூட்டியாரோணும்."

"இங்க பறவ வளக்க அனுமதி இல்ல" என்றார் நாச்சிமுத்து.

வால்வைத் திருகினார்கள்.

கைகால் சில்லிட்டது. காதுக்குள் இருந்த இரைச்சல் நின்றது. யாருடைய வெறுப்பும் வரவில்லை. சுருட்டு ஆசையும் வரவில்லை. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அவர் இறந்த அன்றுகூட நான் அப்படித் தனியாக இருந்ததில்லை.

வியாழக்கிழமை மதியம் கீழே பந்தல் போட்டார்கள். சிரிப்புச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. பிறகு ஒரேயடியாக அடங்கியது. எல்லோரும் படியேறி வரத் தொடங்கினார்கள்.

அவர்கள் ஏற ஏறப் படிகள் கூடிக்கொண்டே போயின. நான் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் எறும்பு அளவில் தெரிந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் என் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லோருடைய உதடும் நாவல்பழம் தின்றதுபோல் நீலம் பாரித்திருந்தது.

"காத்து..." என்றார் நாச்சிமுத்து. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மொட்டமாடிக் காத்து உங்கூட்டு வழியாத்தான் ரத்தத்துல சேருதாமுங்க. இத்தன நாளு யாருமே சொல்லல."

"வால்வ அடைச்சது நீங்கதானுங்க."

சாரதாமணியக்கா முன்னால் வந்தார். "மூச்ச மட்டும் குடு, அம்மணி. துக்கத்த நீயே வெச்சுக்க."

"அதுக்குத் தனி வால்வு இல்லீங்க" என்றார் மாரப்பன்.

மணப்பெண்ணை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மருதாணி வைத்த கையில் நகங்கள் கறுத்திருந்தன. அவள் என்னை முறைத்தாள்.

எனக்குத் திறந்துவிட மனம் வரவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். ஒரு குழந்தை மடங்கித் தரையில் உட்கார்ந்தது. அப்போதுதான் தோன்றியது. சின்னியப்பனும் கீழே அந்தக் குழாய்க்குள்தான் காற்றில்லாமல் கிடக்கிறார். எழுந்து போய் வால்வைத் திறந்தேன்.

முகங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. முதலில் எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். அடுத்து அழுதார்கள். அழுதுகொண்டே என்னைத் திட்டினார்கள். "மூதேவி" என்றார் சாரதாமணியக்கா, மூக்கைச் சிந்தியபடி. குழந்தை என் காலில் உதைத்தது.

நாச்சிமுத்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"நீங்க முழிச்சிருக்கறதுதான் பிரச்சனைங்க. தாலி கட்டற வரைக்கும் தூங்குங்க. தூங்குனா கம்மியாத்தான் வரும்."

"தூக்கம் வரலீங்க."

"வரோணும்" என்றார் சாரதாமணியக்கா. என் தோளைப் பிடித்து அழுத்திக் கட்டிலில் படுக்கவைத்தார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். நான் கண்ணை மூடினேன்.

"இப்ப எப்படி?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொறையுது. பேசாதீங்க."

கண் அசந்ததும் அவர் வந்தார். வெளியே கிளம்புகிறவர் மாதிரி சட்டை போட்டிருந்தார்.

"என்ற செருப்ப எங்க வெச்ச?"

"கட்டலுக்கடியில பாருங்க."

அவர் குனிந்து தேடினார். எனக்கு மேலே முதலில் நாச்சிமுத்து விம்மினார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். மணப்பெண் மார்பில் அடித்துக்கொண்டு, "என்ற ராசா, என்னைய உட்டுட்டுப் போறீங்களா" என்று குரலெடுத்து ஒப்பாரி வைத்தாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. அவருக்கு ஒரு செருப்பு கிடைத்துவிட்டது. அதைக் காலில் மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தார்.