கேன் வரிசை

நகர மன்ற வாசலில் தண்ணீர் கேன்களை வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம் என்று யோசனை சொன்னது இஸ்திரிக்காரிதான். கூடாரத்தில் ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. எல்லோரும் பேஷ் பேஷ் என்று தலையாட்டினார்கள்.

தப்பு தெரியாததற்குக் காரணம் இருந்தது. ஆற்றோரத் திடலில் அத்தனை கூடாரங்களுக்கும் சேர்த்து ஒரே குழாய். வேலைக்குப் போகிறவர்கள் எவ்வளவு நேரம்தான் குழாயடியில் நிற்பது? கேனை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வருகிறவர், போகிறவர் யாராவது அதை நகர்த்தி நகர்த்தி முன்னால் கொண்டுவந்திருப்பார்கள். திடலில் சண்டைக்கும் சச்சரவுக்கும் பஞ்சமில்லை. ஆனால் குடித்துவிட்டு வருகிறவன்கூட அடுத்தவர் கேனைத் தாண்டித் தன் கேனை வைக்க மாட்டான். அங்கே கேன் இருந்தால் ஆள் இருந்த மாதிரி.

அன்று மதியம் மன்றத்தில் ஓட்டெடுப்பு. ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கூடாரங்களை உடனே பிரித்தெறி, ஆட்களை எங்கே வைப்பது என்று அப்புறம் பார்க்கலாம் என்பது 'முதலில் காலி' கட்சி. மூடிக் கிடக்கும் பழைய நர்ஸ் விடுதியைத் திறந்து அறைகளைக் கொடு, அப்புறம் பிரி என்பது 'முதலில் வீடு' கட்சி. ஓட்டுக்கு முன்னால் பொதுமக்கள் பேசலாம். வாசலில் நிற்கும் வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். மணி அடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. முன்னால் இடம் பிடிக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

திரும்பினால் என்ன ஆகும் என்று இஸ்திரிக்காரிக்கு நன்றாகத் தெரியும். பொது முகாம்களில் ஆளுக்கொரு மூலையில் தூக்கிப் போடுவார்கள். அவள் ஊரின் ஒரு கோடியில், அவளுடைய நாத்தனார் இன்னொரு கோடியில். நாத்தனார் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். இருவருக்கும் தினமும் சண்டை. போர்வைக்குச் சண்டை, விளக்கை அணைப்பதற்குச் சண்டை. கப்பல் வேலைக்குப் போனவன் போன இடத்திலேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டானே, அவனைத் திட்டும்போது மட்டும் இருவருக்கும் ஒரே குரல். அவன் இவளுக்குப் புருஷன், அவளுக்கு அண்ணன். அவன் போனபின் வாடகையும் ஏற, வீடும் போக, ஒருத்தியை ஒருத்தி விடவில்லை. அவளை விட்டுவிட்டு எப்படித் தூங்குவது என்று இஸ்திரிக்காரிக்குப் பயமாகவே இருந்தது.

சலவைக் கடையில் அன்று சட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. பெட்டி சட்டையில் ஓடியது, மனசு மன்றத்தில் நின்றது. ஒரு காலரைத் தீய்க்க இருந்தாள். அப்போதுதான் நாத்தனார் ஆஸ்பத்திரிச் சீருடையோடு மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள்.

"அண்ணி! கெட்டுது போங்க! மன்ற வாசல்ல காவல்காரன் நம்ம கேனையெல்லாம் குப்பை வண்டியில ஏத்தச் சொல்றான்!"

"ஏத்தச் சொல்றானா? எதுக்கு?"

"கேட்பாரற்றுக் கிடக்குதாம்!"

"கேட்பாரற்றா? என் பேரு சிவப்பு மையில எழுதியிருக்கு அதுல!"

அப்போதுதான் உறைத்தது. ஊரில் மற்றவர்களுக்கு அது வரிசை இல்லை, வெறும் காலி கேன். 'அடக் கடவுளே, எல்லோர் இடத்தையும் நான்தானே கெடுத்தேன்' என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டியை அணைத்தாள். முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"போ, போ. நின்னுட்டிருந்தா சட்டையைத்தான் தீய்ப்பே."

இருவரும் ஓடினார்கள். நாத்தனார் ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள், வார் அறுந்துவிட்டது. சிக்னலில் பஸ்காரன் ஹாரன் அடித்தான். "அடிடா அடி, இன்னைக்கு எங்களை யாரும் நிறுத்த முடியாது!" என்று அவள் செருப்பை ஆட்டினாள். பயத்துக்கு நடுவிலும் இஸ்திரிக்காரிக்குச் சிரிப்பு வந்தது.

மன்ற வாசலில் ஒரே கூட்டம், ஒரே கூச்சல். கேன்கள் இன்னும் அப்படியே நின்றன. கடைசிக் கேனுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் இஸ்திரிக்காரிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. திடலுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர். 'முதலில் காலி' கட்சிக்கே அவர்தான் தலை. கடையில் யாராவது முண்டினால் "வரிசை! வரிசை!" என்று கத்துவார். அதனால் கூடாரத்தில் அவருக்கு வரிசை வாத்தியார் என்று பெயர்.

வாத்தியார் இப்போது கத்திக்கொண்டிருந்தது காவல்காரனிடம்.

"தொடாதய்யா! நான் வரும்போது இதெல்லாம் எனக்கு முன்னாடி இருந்துது!"

"சார், இது கேன் சார். கேன் வந்து பேசுமா?"

"கேன் பேசாது. கேனுக்கு உரியவங்க பேசுவாங்க. என் கடையில மருந்துச் சீட்டை வெச்சுட்டு வீட்டுக்குப் போறாங்க. ஆளைக் காணோம்னு நான் தூக்கி எறியறேனா?"

அவருடைய கட்சிக்காரர் ஒருவர் பல்லைக் கடித்தார். "யோவ், தானா பழம் நழுவிப் பால்ல விழுது. நீ ஏன்யா கெடுக்கறே?"

"வரிசைன்னா வரிசைதான். எனக்கு முன்னாடி இருக்கறது எனக்கு முன்னாடி."

இஸ்திரிக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தன் கேனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது உங்களுதா? ஆளை வரச் சொல்லுங்க எல்லாரையும். எவ்வளவு நேரம் நான் காவல் காக்கறது?" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தவள் அந்தக் குரலைக் கேட்டு அடக்கிக்கொண்டாள்.

கதவு திறந்தது. முதல் கேன் அவளுடையது என்பதால் முதல் பேச்சும் அவளுடையது. மைக்கைப் பார்த்ததும் நாத்தனாரோடு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. கை கேனை விடவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ "தண்ணி பிடிக்க வந்தியா?" என்று கேட்க, கூடம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பேச்சும் வந்தது.

"ஆமாங்க, தண்ணிக்குத்தான் நிக்கறேன். தினமும் நிக்கறேன். கூடாரத்துல இருக்க எனக்கு ஆசையா? மழை பேஞ்சா நானும் என் நாத்தனாரும் உட்கார்ந்தே தூங்கறோம். பிரிக்காதீங்கன்னு நான் சொல்லல. சாவியைக் குடுங்க, நானே பிரிச்சு, மடிச்சு, இஸ்திரி போட்டுக் குடுக்கறேன். சாவிக்கு முன்னாடி பிரிச்சீங்கன்னா கூடாரத்தை மட்டும் பிரிக்கல, எங்க ரெண்டு பேரையும் பிரிக்கறீங்க. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்."

பின்வரிசையில் நாத்தனார் மூக்கைச் சிந்தும் சத்தம் மைக் இல்லாமலே கேட்டது.

ஒவ்வொரு கேனாக முன்னால் வந்தது. பெயின்டர் பேசினார், கூரியர்க்காரர் பேசினார். மன்றத் தலைவர் அம்மாளின் கை மணியை நோக்கிப் போகிற நேரத்தில் மருந்துக்கடைக்காரர் முறை. அவருடைய கட்சி கைதட்டி மேசையைத் தட்டியது. இஸ்திரிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு இவங்களைப் பிடிக்கல" என்று ஆரம்பித்தார் அவர். "இந்தம்மா உருக்கமாப் பேசினாங்கன்னு எனக்குப் பிடிச்சும் போயிடல. என் கடை வாசல்ல ராத்திரி ஒரே சத்தம். வாடிக்கை பாதி போச்சு. காலி பண்ணித்தான் ஆகணும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவர் எரிச்சலோடு கையைக் காட்டினார்.

"இருங்கய்யா, முடிக்கல. இவங்க முன்னாடி பாலத்தடியில இருந்தாங்க. அங்கேருந்து காலி பண்ணீங்க. எங்க வந்தாங்க? என் வாசலுக்கு. இப்ப இங்கேருந்து காலி பண்ணா யார் வாசலுக்குப் போவாங்க? கைதட்டுறீங்களே, உங்க வாசலுக்கா? ரெண்டு மாசம் கழிச்சு சுத்திச் சுத்தி மறுபடியும் எனக்கே வருவாங்க! எனக்கு இந்தத் தொல்லை ஒரேயடியா ஒழியணும். விடுதியைத் திறங்க. அறையைக் குடுங்க. குடுத்த அன்னைக்கு நானே வந்து கயித்தை அவுக்கறேன்."

அப்புறம் பாருங்கள் ரகளையை! ஒரு பக்கம் "கட்சி மாறி!" என்று கூச்சல், இன்னொரு பக்கம் விசில். மணி அடித்தது. ஓட்டு.

"முதலில் வீடு என்பவர்கள் கை தூக்கலாம்."

உறுப்பினர்களின் கைகள் எழுந்தன. நாத்தனார் எண்ணி எண்ணிப் பார்த்து இஸ்திரிக்காரியின் தோளில் நகம் பதித்தாள். "ஒண்ணு குறையுது அண்ணி." மூலையில் வழுக்கைத் தலை உறுப்பினர் ஒருவர் கையைத் தலை வரைக்கும் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டிருந்தார். அது தூக்கிய கையா, சொறிகிற கையா? கூடமே அந்த வழுக்கையைப் பார்த்தது. மனிதர் சொறிவதை நிறுத்தினார். மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். கை மெல்ல மேலே போயிற்று.

நாத்தனார் போட்ட கூச்சலில் தலைவர் அம்மாள் மணியைக் கீழே போட்டுவிட்டார். இஸ்திரிக்காரி காலி கேனைத் தட்டித் தட்டி அழுதாள், சிரித்தாள். என்ன செய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

சாவி கொடுத்த அன்று மருந்துக்கடைக்காரர் சொன்னபடியே வந்து, கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போனார்.

விடுதி அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், மூலையில் ஒரு குழாய். இஸ்திரிக்காரி முதல் வேலையாகக் கேனைக் குழாயடியில் வைத்துத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. கேன் நிறைந்ததும் சட்டென்று மூடி, தூக்கிக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த நாத்தனார் விழித்தாள். "யாருக்கு அண்ணி வழி விடறீங்க?"

இஸ்திரிக்காரி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

நாத்தனார் எழுந்து வந்தாள். தன் கேனைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தாள்.

"எனக்குத்தான் விட்டீங்க" என்றாள். "நகருங்க, அடுத்தது நான்."