பெண் பார்க்க வந்த கேமரா

...படத்தில் இன்னும் எங்கள் வீடு வரவில்லை, இதுவரை வந்ததெல்லாம் பஸ்ஸில் ஒருவன் தன் கோழிக்கும் ஜன்னல் சீட்டு கேட்டுக் கண்டக்டரிடம் மல்லுக்கு நின்றதும், விழிஞ்ஞத்தில் ஒருவன் கடற்கரையை விலை பேச வந்து மீன்காரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும்தான். வேஷம் போட்டு நிஜ மனிதர்களிடம் போய்க் கூத்தடித்து, ஒளித்து வைத்த கேமராவில் எடுத்தால் அதற்குப் பெயர் படமாம், தியேட்டரே சிரிக்கிறது, நான் மட்டும் எங்கள் வாசல் எப்போது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோவிலுக்கு என்று என் பெண் ஆர்யாவிடம் பொய் சொல்லிவிட்டு, கரமனையிலிருந்து பஸ் பிடித்துத் தம்பானூரில் இறங்கி, காலைக் காட்சிக்குத் தனியாக, இந்த வயதில்... யாராவது பார்த்தால்? பார்க்கட்டுமே. இதில் அவள் முகம் தெரிகிறதா, அது தெரிய வேண்டும் எனக்கு. சம்மதம் தராதவர்கள் முகத்தை மறைத்துவிடுவோம் என்று, பெண் பார்ப்பதாக எங்கள் வீட்டுக்கு வந்து ஏமாற்றிய அந்தக் கும்பல் சொல்லிவிட்டுத்தான் போனது, நான் தரவில்லை, ஆர்யா மட்டும் எதற்குத் தரப் போகிறாள்? வெள்ளிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து நிஜமாகவே பெண் பார்க்க வருகிறார்கள். இவளை இந்தக் கூத்தில் பார்த்தால் வருவார்களா? முப்பத்திரண்டு வயதுக்கு மேல் இன்னொரு வரனை நான் எங்கே போய்த் தேடுவேன்...

இதோ எங்கள் தெரு, எங்கள் வாசல், நான் போட்ட கோலம். ஜாதகத்தில்தான் ஏமாந்தேன். வரன் பார்க்கும் வெப்சைட்டிலிருந்து ஆர்யாவின் ஜாதகத்தை எடுத்து, அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள், பத்துக்கு ஒன்பது பொருத்தம், ஜோசியரே அசந்துபோனார், ஜாதகம் சேர்ந்துவிட்டால் நான் வேறெதையும் பார்க்கமாட்டேன் என்று அந்தப் பாவிகளுக்கு யார் சொன்னது? பையனின் அப்பா என்று வந்தவன் பஜ்ஜியை அள்ளி வேட்டி மடிப்பில் கட்டிக்கொள்கிறான், "அதுக்கென்ன, பரவாயில்லை" என்கிறேன் நான். நல்லவேளை, என் முகம் கலங்கிய தண்ணீர் மாதிரி மறைந்திருக்கிறது. அம்மா என்று வந்தவள் என் பீரோவைத் திறந்து புடவைகளை உதறி உதறிப் பார்க்கிறாள், "அதுக்கென்ன மாமி, நம்மாத்து மனுஷாதானே." மாப்பிள்ளை என்று வந்தவன் ஊஞ்சலில் ஏறி நின்று குதிக்கிறான், "அதுக்கென்ன, குதிக்கட்டும்." நான் அதைச் சொல்லும்போதெல்லாம் படத்தில் ஒரு மணி அடிக்கிறார்கள், கூட்டம் அலறுகிறது. பக்கத்து சீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து, "ஈ அம்ம கொள்ளாம், அல்லே சேச்சி?" என்கிறாள், இந்த அம்மா பிரமாதமாம், நானும் பல்லைக் காட்டித் தொலைத்தேன். நான் முட்டாளா? பெண்ணைப் பெற்றவள். பையன் வீட்டார் என்று வந்துவிட்டால் தலைமேல் ஏறி உட்கார்ந்தாலும் பொறுத்துக்கொள் என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள், அதுவா இவர்களுக்குத் தமாஷ்? பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

அப்புறம், ரெண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று கொல்லைப்பக்கம் அனுப்பி வைத்ததும் நான்தான். அங்கேயும் கேமரா வைத்திருந்தது எனக்கெப்படித் தெரியும்? ஆர்யா திரும்புகிறாள், முகம்... முகம் பளிச்சென்று இருக்கிறது, மூக்குத்தி மினுங்குவதுகூடத் தெரிகிறது. மறந்துவிட்டார்களா? எட்டிப் பார்த்த அடுத்த வீட்டு மாமியைக்கூட மறைத்தவர்கள் இவளை எப்படி மறந்தார்கள்? மாப்பிள்ளை வேஷத்தில் வந்த அந்த சுமந்த், கோணங்கித்தனம் எதுவும் இல்லாமல், மெதுவாகக் கேட்கிறான், "ஒங்களுக்கு இதில இஷ்டமா?"

"எனக்குக் கல்யாணத்திலயே இஷ்டமில்லை, கேட்டேளா. பிடிக்கலைன்னு நீங்களே சொல்லிடுங்கோ. நான் சொன்னா அம்மா நாலு நாளைக்குச் சாப்பிடமாட்டா."

யாரும் சிரிக்கவில்லை, மணியும் அடிக்கவில்லை. மறக்கவில்லை அவர்கள், சம்மதம் கொடுத்திருக்கிறாள், இவளே கொடுத்திருக்கிறாள். நாகர்கோவில்காரர்கள் பார்க்கட்டும், இனி ஒருத்தரும் இந்த வாசலில் வந்து நிற்கவேண்டாம் என்று, என்னிடம் சொல்ல முடியாததை ஊருக்கே சொல்லிவிட்டாளே, சண்டாளி... எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், இஷ்டமா என்று அவளிடம் கேட்டவன் இந்த வேஷக்காரன் ஒருத்தன்தானே, அவனும் நிஜமாகக் கேட்டானா, இல்லை அதுவும் நடிப்பா? படம் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது, மறுபடியும் சிரிக்கிறார்கள், போனில் அவள் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கூப்பிட்டால் முதலில் எதைக் கேட்பது, ஏண்டி இப்படிச் செய்தாய் என்றா, இல்லை அவன் கேட்டதையா...